துடிப்பைக் குலைக்கும் கொழுப்பு: போடி மலைச்சரிவிலிருந்து ஒரு விசாரணை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தைக் கடந்துவிடுகிறது. இந்தப் பகுதியின் ஏலக்காய்ப் பிழைப்பு அந்தச் சரிவின் இரு முனைகளிலும் நடக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி மாநில எல்லை தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கிறார்கள். உலர்ந்த காய் மலையிறங்கி வந்ததும் அடிவாரத்தில் வேறு வகை வேலை தொடங்குகிறது. கிட்டங்கியில் மணிக்கணக்காக உட்கார்ந்தபடி காயைத் தரம் பிரிக்கும் பெண்கள், ஸ்பைசஸ் போர்டு மையத்தில் கணினித் திரையைப் பார்த்து ஏலம் கேட்கும் வியாபாரிகள், கணக்கெழுதுவோர், ஓட்டுநர்கள் என்று ஊரின் பெரும்பகுதி உட்கார்ந்தே உழைக்கிறது. மேலே குனிந்து நிமிர்பவரும் கீழே உட்கார்ந்திருப்பவரும் எடைக்கருவியில் ஏறினால் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி இருவரின் இதயமும் ஒரே நிலையில் இருப்பதாக முடிவு செய்வது பெரும் பிழை. கொழுப்பு எவ்வளவு என்பதைவிட அது எங்கே படிந்திருக்கிறது என்பதே துடிப்பின் ஒழுங்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று என்பதற்கு இன்று கணிசமான ஆதாரம் சேர்ந்திருக்கிறது. அந்த ஆதாரத்தின் வலுவையும் வரம்பையும் எடைபோட்டால், பெரிய ஸ்கேன் கருவிகளுக்கு எட்டாத ஒரு மலையடிவார ஊர் தன் மக்களிடம் எதை அளக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் நோயைப் பார்ப்போம். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சு எழுப்பும் மின்தூண்டல் இரண்டு மேலறைகளிலும் ஒரே சீராகப் பரவி, நடுவிலுள்ள கணு வழியாகக் கீழறைகளுக்கு இறங்குவதுதான் இயல்பான துடிப்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்தில் இந்த ஒழுங்கு சிதைகிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான தாறுமாறான தூண்டல்கள் மேலறைத் தசையில் ஒன்றையொன்று துரத்துகின்றன. தசை சுருங்குவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. நடுக்கணு அவற்றில் சிலவற்றை மட்டும் கீழே விடுவதால் மணிக்கட்டு நாடியில் எந்த முறைக்கும் அடங்காத ஒழுங்கின்மை தெரியும். சிலருக்குப் படபடப்பும் மூச்சிரைப்பும் வரும். பலருக்கு எதுவுமே தெரியாது. ஆபத்து அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. நடுங்கும் இடது மேலறையின் பை போன்ற மூலையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயுள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1991இலேயே காட்டியது. தொடக்கத்தில் நடுக்கம் வந்து வந்து போகும். ஆண்டுகள் ஆக ஆக நிலைத்துவிடும். வந்து போவது நிலைப்பதாக மாறும் அந்த இடைக்காலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கொழுப்பைப் பற்றிய கேள்வியின் மையம்.

இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு முழுவதும் ஒரே இனம் என்று நினைத்தால் விவாதம் தொடக்கத்திலேயே குழம்பிவிடும். இதயம் ஒரு உறைக்குள் இருக்கிறது. உறைக்கு வெளியே, மார்புக்கூட்டுக்குள் படியும் கொழுப்பு ஒன்று. உறைக்கு உள்ளே, இதயத் தசையின் மேலேயே படியும் கொழுப்பு மற்றொன்று. இரண்டாவதை ஒட்டுக்கொழுப்பு என்று அழைக்கலாம். அதற்கும் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு எதுவும் இல்லை. இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி நாளங்களின் கிளைகளே அதற்கும் ரத்தம் தருகின்றன. ஆகவே அது சுரக்கும் எந்தப் பொருளும் நேராக அண்டைத் தசைக்குப் போகும். கருவில் அது தோன்றும் மூலமும் குடலைச் சூழ்ந்த கொழுப்பின் மூலமும் ஒன்றே. வயிற்றின் உட்கொழுப்பு மிகும்போது இதுவும் மிகுவதில் வியப்பில்லை. இது பிறவியிலேயே தீயதும் அல்ல. இதயத்துக்குத் தேவையான கொழுப்பமிலங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கிறது. துடிக்கும் தமனிகளுக்கு மெத்தையாக இருக்கிறது. வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் சில இயல்புகளும் அதற்கு உண்டு. எல்லோரிடமும் இருப்பது, இருக்க வேண்டியதும்கூட. அளவு மிகும்போது, அதிலும் அழற்சி ஏறும்போதுதான் காவலாக இருந்தது இடையூறாகிறது.

கொழுப்பேறிய இதயங்களை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பிணக்கூறாய்வு மேசையில் கண்டிருந்தார்கள். லண்டனில் ரிச்சர்ட் குவெயின் 1850இல் இதயக் கொழுப்பு நோய்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் உயிருள்ளவரிடம் அதை அளக்க வழியில்லாதவரை அது வெறும் விவரமாகவே நின்றது. 2003இல் ஜியான்லூக்கா இயாகோபெல்லிஸ் சாதாரண எக்கோ கருவியாலேயே வலது கீழறைச் சுவரின் மேலுள்ள கொழுப்பின் தடிமனை அளக்கலாம் என்று காட்டியபின்தான் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. அந்தத் தடிமன் உடல் எடையைவிட வயிற்றின் உட்கொழுப்போடு நெருக்கமாக ஒத்துப்போனது. இந்த ஒரு கண்டுபிடிப்பு நம் வாதத்துக்கு மிக முக்கியம். எக்கோ எட்டாத இடத்தில் இடுப்பளவை ஓரளவு அதன் பதிலியாகக் கொள்ள அதுவே நியாயம் தருகிறது. பின்னர் சி.டி. ஸ்கேன் தடிமனோடு நிற்காமல் முழுக் கன அளவையும், கொழுப்பின் அடர்த்தியையும், அது எந்த அறையை ஒட்டியிருக்கிறது என்பதையும் பிரித்துக் காட்டத் தொடங்கியது.

மனிதர்களிடமிருந்து கிடைத்த ஆதாரத்தில் இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2010இல் வெளிவந்தவை. முதலாவது ஃபிரேமிங்ஹாம் தொகுதியில் 3,217 பேரை சி.டி.யில் பார்த்தது. அவர்களில் 54 பேருக்கு மேலறை நடுக்கம் இருந்தது. இதய உறைக்குள் இருந்த கொழுப்பு ஒரு திட்டவிலக்க அளவு கூடும்போது நோய் இருக்கும் வாய்ப்பு 1.28 மடங்கானது. உடல் பருமனைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும் அந்தத் தொடர்பு நின்றது. உறைக்கு வெளியே இருந்த மார்புக் கொழுப்புக்கோ வயிற்று உட்கொழுப்புக்கோ அத்தகைய தனித் தொடர்பு தென்படவில்லை. இரண்டாவது ஆய்வு 273 நோயாளிகளைப் பார்த்தது. சீரான துடிப்புள்ளவர்களிடம் சராசரியாக 76 மில்லிலிட்டர் கொழுப்பு இருந்தது. நடுக்கம் வந்து போவோரிடம் ஏறத்தாழ 94. நடுக்கம் நிலைத்துவிட்டவர்களிடம் 115. நோய் முற்றும் படிக்கு ஏற்பக் கொழுப்பும் படிப்படியாக ஏறியது. அருகிருக்கும் கொழுப்புக்குத் தொடர்பு இருக்கிறது, தள்ளியிருக்கும் கொழுப்புக்கு இல்லை என்ற வேறுபாடும், இந்தப் படியேற்றமும் சேர்ந்து, கொழுப்பு தூரத்திலிருந்து ரத்தம் வழியாக மட்டும் வேலை செய்யவில்லை, இடத்திலேயே ஏதோ செய்கிறது என்ற எண்ணத்தை வலுப்படுத்தின.

இதற்கு எழும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கத்தில் மூச்சடைப்பு, முதுமை ஆகிய அனைத்தும் மேலறை நடுக்கத்தை உண்டாக்குகின்றன. இவை அனைத்தோடும் இதயக் கொழுப்பும் கூடவே வருகிறது. அப்படியானால் அது குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்த சாட்சியா? இந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்ததும் ஃபிரேமிங்ஹாமே. நோய் இல்லாத 2,135 பேரைப் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவில், வயதையும் பாலினத்தையும் மட்டும் கணக்கில் எடுத்தபோது கொழுப்புக்கும் புதிய நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. மற்ற ஆபத்துக் காரணிகளையும் சேர்த்தபோது அது புள்ளியியல் உறுதியை இழந்தது. நோய் முற்றியவரிடம் கொழுப்பு மிகுந்திருப்பதைத் தலைகீழாகவும் படிக்கலாம்: நோய் வந்து நடமாட்டம் குறைந்ததால் கொழுப்பு கூடியிருக்கலாம். ஆகவே ஸ்கேன் கணக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு கொழுப்பே காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அந்த 2016 முடிவு விடுதலைத் தீர்ப்பும் அல்ல. இதயத்தின் மொத்தக் கொழுப்பை ஒரே எண்ணாகக் கூட்டும்போது, கீழறையின் மேல் கிடக்கும் பகுதியும் இடது மேலறையின் முதுகில் ஒட்டிய பகுதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மேலும், கழிக்கப்பட்ட காரணிகளில் சில கொழுப்பின் வழியாகவே இதயத்தைத் தாக்கக்கூடியவை. அவற்றைக் கழிக்கும்போது கொழுப்பின் பங்கும் சேர்ந்து கழிந்துவிடும். காரணமா, துணையா என்பதை முடிவுசெய்ய எண்ணிக்கையைத் தாண்டித் தசைக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த சோதனைகள்தான் வாதத்தின் முதுகெலும்பு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழு செம்மறியாடுகளுக்குக் கலோரி மிகுந்த தீவனம் கொடுத்து நீண்ட காலம் பருமனாக வைத்திருந்து, அவற்றின் மேலறைகளை ஒல்லி ஆடுகளோடு ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டது. பருத்த ஆடுகளில் இதயத்தின் மேலிருந்த கொழுப்பணுக்கள் இடது மேலறையின் பின்சுவர்த் தசைக்குள்ளேயே ஊடுருவியிருந்தன. மின்தூண்டல் பரவும் வேகம் குறைந்திருந்தது. நடுக்கம் எளிதில் தொற்றியது. இங்கே வரிசை ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது: தீவனம் முதலில், கொழுப்பு அடுத்தது, துடிப்புக் கோளாறு கடைசியில். அதே ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். அறுவைச் சிகிச்சையின்போது மனிதரிடமிருந்து எடுத்த ஒட்டுக்கொழுப்பை வளர்த்து, அது சுரந்த நீரை எலியின் மேலறைத் தசையில் இட்டபோது தசையில் நார்த்திசு பெருகியது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பின் சுரப்பு அப்படிச் செய்யவில்லை. அந்தச் சுரப்பிலிருந்த ஆக்டிவின்-ஏ என்ற புரதத்துக்கு இதில் பங்கிருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். கொழுப்பணுவும் நாரும் கலந்த தசையில் மின்தூண்டல் ஒரே முகமாகப் போக முடியாது. கல் கிடக்கும் வாய்க்காலில் தண்ணீர் பிரிந்து சுழித்து மீண்டும் ஒன்றையொன்று சந்திப்பதைப்போல, தாமதித்த தூண்டல் சுற்றிவந்து தான் புறப்பட்ட இடத்தையே மறுபடி தூண்டும். நடுக்கத்தை நிலைநிறுத்துவது இந்தச் சுழல்தான்.

இடமும் இந்த விளக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷெல் ஐசகேர் குழு 1998இல் 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் புள்ளிகளைத் தேடியபோது, அவற்றில் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. அந்தச் சிரைகள் இடது மேலறையின் பின்சுவரில் வந்து சேர்கின்றன. ஒட்டுக்கொழுப்பு திரண்டிருக்கும் இடங்களில் அந்தப் பின்சுவரும் ஒன்று. அங்கே தன்னியக்க நரம்புகளின் முடிச்சுகளும் கொழுப்புக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. இதைக் கண்டதும், நரம்பு முடிச்சுகளை முடக்கினால் நடுக்கம் நிற்கும் என்ற ஆவல் பிறந்தது. ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்கில் பைபாஸ் அறுவையின்போது அந்தக் கொழுப்புத் திரள்களில் போட்டுலினம் நச்சை ஊசியால் செலுத்திய சிறு சோதனை நல்ல பலன் காட்டியது. பிறகு நடந்த பெரிய பன்னாட்டுச் சோதனையில் உறுதியான பலன் கிடைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் முடிச்சுகளை எரித்து அழித்த ஆய்வு 2016இல் வெளிவந்தபோது, பலன் இல்லாததோடு சிக்கல்கள் கூடியதும் தெரிந்தது. இந்தத் தோல்விகள் கொழுப்புக் கொள்கையைப் பொய்யாக்குகின்றனவா? அவை பொய்யாக்குவது, கொழுப்பின் கேடு முழுவதும் நரம்பு வழியே நடக்கிறது என்ற குறுகிய ஊகத்தை மட்டுமே. ஊடுருவிய கொழுப்பையும் நாரையும் அப்படியே விட்டுவிட்டு நரம்பை மட்டும் வெட்டினால் சுழல் நிற்காதது இயல்பே.

கொழுப்பு காரணமென்றால், அதைக் குறைத்தால் நோய் குறைய வேண்டும். இந்தச் சோதனையில்தான் எந்தக் கொள்கையும் கடைசியாகத் தேற வேண்டும். அடிலெய்டு குழு 150 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், எடையையும் மற்ற ஆபத்துகளையும் முறையாகக் குறைத்தவர்களுக்கு நோயின் தொல்லை கணிசமாகத் தணிந்தது. 355 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அவர்களது 2015 ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் கோளாறின்றி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. எடை ஏறி இறங்கி ஊசலாடியவர்களுக்கு அந்தப் பலன் தேய்ந்தது. இதற்கு எதிரே ஜெர்மனியின் ஒரு சோதனை நிற்கிறது. சிரைகளைச் சுற்றி எரித்துத் தனிமைப்படுத்தும் சிகிச்சையோடு எடைக்குறைப்பையும் சேர்த்தபோது, சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேலான முடிவு கிடைக்கவில்லை. அங்கே கண்ட எடைக்குறைவு சிறிது. அதோடு நோயும் ஏற்கெனவே சிகிச்சை மேசைக்கு வந்துவிட்ட நிலையில் இருந்தது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின் பெரிய சோதனையொன்றில் மேலறை நடுக்க நிகழ்வுகளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. இவ்வகை மருந்துகள் ஒட்டுக்கொழுப்பையும் சுருக்குகின்றன. அந்தப் பலன் கொழுப்பு வழியாகவே வந்தது என்று சொல்லிவிட முடியாது. சிறுநீர் வழியே நீரும் உப்பும் வெளியேறுவதும் காரணமாகலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நேர்மையாகச் சொல்லத்தக்கது இவ்வளவு: கொழுப்பு குறைந்தால் துடிப்பு சீராகும் வாய்ப்பு உண்டு; அந்த வாய்ப்பு தசை நாராவதற்கு முன் பெரிது, பின் சிறிது.

இப்போது போடிக்குத் திரும்பலாம். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பருத்த வெள்ளையரிடம் நடந்தவை. ஒல்லியான தமிழர்களுக்கு அவை பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு சிறு குறிப்பு இதற்கு நல்ல பதில். புணேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யுட்கின் இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2. இந்தியருக்குப் பருமனின் எல்லையை 25 என்றும், இடுப்பளவின் எல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்றும் தாழ்த்தி வைத்ததற்கு இத்தகைய கண்டறிதல்களே காரணம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்த உருவத்தை நம் கடைத்தெருக்களில் யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. தொந்தி இன்னும் வசதியின் அடையாளமாகவே செல்லுபடியாகிறது. தமிழ்நாட்டில் 25க்கு மேல் உடல் நிறை எண் கொண்ட பெண்கள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடு, அடுத்த கணக்கெடுப்பில் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37 ஆனார்கள். 25க்குக் கீழே நின்றபடி வயிற்றில் கொழுப்பைச் சுமப்பவர்கள் இந்தக் கணக்கில் அகப்படுவதேயில்லை. நாள் முழுதும் உட்கார்ந்து காய் பிரிக்கும் பெண்ணின் தொடைத்தசை மெலிந்து உட்கொழுப்பு கூடினால், கூட்டுத்தொகையான எடை மாறாமலே இருக்கும். மலைமேல் குனிந்து நிமிர்ந்து உழைத்தவர் ஐம்பது வயதுக்குமேல் இறங்கிவந்து கடைத்திண்ணையில் அமர்ந்தால் அவருக்கும் இதுவே நேரும். எடைக்கருவி பொய் சொல்வது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

இங்கே ஒரு வலிய மறுப்பு காத்திருக்கிறது. நம் நாட்டில் மேலறை நடுக்கத்தின் பெருங்காரணம் கொழுப்பே அல்ல, சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு நோய்தானே? உண்மைதான். இந்திய இதயத் துடிப்புக் கழகம் 2017இல் வெளியிட்ட 1,537 நோயாளிகளின் பதிவேட்டில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாதக்காய்ச்சல் வால்வு நோய் இருந்தது. சராசரி வயது 55ஐ ஒட்டியே இருந்தது. ஆனால் மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் 53 மருத்துவமனைகளில் 2016-17இல் சேர்க்கப்பட்ட 3,421 நோயாளிகளின் பதிவேடு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கே பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தக்கொதிப்பு, மூன்றிலொருவருக்குச் சர்க்கரை. ஏலமலைச் சரிவு இந்த இரண்டு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடம். தொண்டைப்புண்ணுக்குப் பென்சிலின் எட்டாத காலத்து வால்வு நோயும், ஜீப்பும் பரோட்டாவும் வந்த காலத்துக் கொழுப்பு நோயும் ஒரே வெளிநோயாளர் வரிசையில் நிற்கக்கூடும். ஈ.சி.ஜி. தாளில் இரண்டும் ஒரே கோணல் கோடுகளைத்தான் காட்டும். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல. 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் சோதனை, வாதக்காய்ச்சல் வால்வு நோயோடு நடுக்கம் உள்ள 4,500க்கும் மேற்பட்டோரிடம், புதிய உறைவெதிர் மருந்தான ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிரைக் காப்பதில் மேல் என்று காட்டியது. வால்வு கெடாதவர்களுக்கோ புதிய மருந்துகளே பொருத்தம். அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு மலையிறங்கி அலையவும் வேண்டாம். ஆகவே கொழுப்பைப் பேசுவது வால்வை மறப்பதாகாது. இரண்டையும் பிரித்தறிய வேண்டியது இங்கேதான் மிகவும் அவசியம் என்பதே அதன் பொருள். அதற்கு நடுக்கம் உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது எக்கோ எடுத்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு முரண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் வாழும் தெற்காசியருக்குச் சர்க்கரையும் வயிற்றுக் கொழுப்பும் மிகுதி. ஆனாலும் மேலறை நடுக்கம் வெள்ளையரைவிடக் குறைவாகவே பதிவாகிறது. கொழுப்பு காரணமென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தெற்காசியரின் இதய அறைகள் சராசரியாகச் சிறியவை. சிறிய மேலறையில் சுழல்கள் நிலைத்து ஓட இடம் குறைவு. பதிவுகளின் குறையும் இதில் கலந்திருக்கலாம்: குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் கைபேசியோடு இணைந்த ஈ.சி.ஜி. கருவியை எடுத்துக்கொண்டு வீடுவீடாகத் தேடியபோது, எதிர்பார்ப்பைவிட அதிகமாக, 1.6 விழுக்காட்டினரிடம் நோய் அகப்பட்டது. தேடாத இடத்தில் நோய் குறைவாகத்தான் தெரியும். இரண்டாவது முரண் ஒல்லியானவர்களைப் பற்றியது. சுவீடனின் வாசலோப்பெட் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்ததில், பலமுறை பங்கேற்றவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் நடுக்கம் அதிகமாகக் காணப்பட்டது. கடும்பயிற்சி மேலறையை விரிப்பது இதற்கு ஒரு காரணம். மேலறையைக் கெடுக்க வழிகள் பல உண்டு என்பதுதான் இதன் பாடம். கொழுப்பு அவற்றில் ஒன்று. ஆனால் வால்வுத் தழும்பையும் வயதையும் போலன்றி, முன்கூட்டியே திருப்பக்கூடியது. ஏலத்தோட்ட உழைப்பைப் பனிச்சறுக்குப் போட்டியோடு ஒப்பிட்டுத் தொழிலாளியைப் பயமுறுத்தவும் தேவையில்லை. அந்த ஆபத்து ஆண்டுக்கணக்கில் உச்ச வேகத்தில் பயிற்சி செய்தவர்களிடம் கண்டது.

இந்த வாதம் செயலில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? எல்லோருக்கும் சி.டி. எடுத்து இதயக் கொழுப்பை அளக்கச் சொல்வது வீண்செலவு, வீண்கதிர்வீச்சும்கூட. கொழுப்பின் அளவு தெரிந்தாலும் தரப்போகும் அறிவுரை மாறாது. அதற்குப் பதிலாக இரண்டு எளிய அளவுகள் போதும்: இடுப்பைச் சுற்றி ஒரு நாடா, மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல். மேலை நாட்டு வழிகாட்டுதல்கள் 65 வயதுக்குமேல் நாடியைப் பார்க்கச் சொல்கின்றன. நோயாளிகளின் சராசரி வயதே 55ஐ ஒட்டியிருக்கும் நாட்டில் அந்த எல்லையைக் கடன் வாங்குவது பொருந்தாது, நாற்பத்தைந்திலேயே தொடங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். கொதிப்பு பார்க்கும் அதே அமர்வில் நாடியின் ஒழுங்கையும் இடுப்பளவையும் குறித்துக்கொள்ள முடியும். நாடி தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி.க்குப் போடி அரசு மருத்துவமனைக்கும், வால்வைப் பார்க்க எக்கோவுக்குக் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்பும் பாதை வகுக்கப்பட வேண்டும். இடுப்பளவு மிகுந்தும் நாடி சீராக இருப்பவர்தான் இந்த முறையில் மிக மதிப்புள்ளவர், ஏனெனில் அவருடைய மேலறைத் தசை இன்னும் மீளக்கூடியது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் ரத்தக்கொதிப்புள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. கொதிப்பு தன் போக்கில் மேலறையை விரிக்க, கொழுப்பு அதே தசையை நாராக்க, இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதால் ஒன்றை விட்டு ஒன்றைப் பார்ப்பதில் பொருளில்லை.

கடைசி மறுப்பு மருத்துவத்தைவிட அரசியல் சார்ந்தது. இடுப்பளவைப் பேசினால், கூலி வாங்கி விலை குறைந்த எண்ணெயில் பொரித்ததைத் தின்று, பிழைப்புக்காக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவரையே குற்றவாளியாக்குவதாகாதா? கொழுப்பை ஒழுக்கக்கேடாகப் பேசும் அறிவுரைகளுக்கு இந்தக் கேள்வி சரியான அடி. ஆனால் கொழுப்பு துடிப்பைக் குலைக்கும் வழி தெரிந்தபின் பொறுப்பு தனிமனிதரிடமிருந்து வேலையிடத்துக்கு நகர்கிறது. கிட்டங்கியில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கும் இடைவேளை, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் தொழிலாளிக்கு மேலே தோட்டத்திலேயே கிடைக்கும் சத்தான சாப்பாடு, உறக்கத்தைக் கெடுக்காத வேலை நேரம் ஆகியவை ஊக்கவுரைகளைவிட மேலறைக்கு நல்ல மருந்து. ஸ்பைசஸ் போர்டும் தோட்ட உரிமையாளர் சங்கங்களும் இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் காயின் நிறத்துக்கும் பருமனுக்கும் தரநிலை வகுத்திருப்பது போலவே அதைப் பிரிக்கும் கைகளின் வேலைநிலைக்கும் வரையறை வகுக்கலாம். இதய ஒட்டுக்கொழுப்பு தனியாக நின்று நோய் தருகிறது என்பதை மறுக்க இன்னும் இடமுண்டு. அது அருகிருந்து தசையை மாற்றுகிறது என்பதை மறுக்க இடம் சுருங்கிவிட்டது. முழு உறுதிக்காகக் காத்திருப்பதன் விலை பக்கவாதம். முன்கூட்டிச் செயல்படுவதன் விலை ஒரு நாடா, ஒரு நிமிடம், சில இடைவேளைகள். ஆதாரம் இந்த அளவுக்குச் சாய்ந்திருக்கும்போது இரண்டில் எதைத் தேர்வது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.